சுரங்கம் போயிற்று, பேண்ட் இருக்கிறது

1992 அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை. பிரிட்டனின் வர்த்தக அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நாட்டில் மீதமிருந்த 50 நிலக்கரிச் சுரங்கங்களில் 31 மூடப்படும். சுமார் 30,000 பேர் வேலை இழப்பார்கள். தெற்கு யார்க்‌ஷயரில் பார்ன்ஸ்லி நகருக்கு அருகே இருக்கும் கிரைம்தோர்ப் கிராமத்தின் சுரங்கமும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஊரே இடிந்துபோய் உட்கார்ந்திருந்த நேரத்தில் சிலருக்கு மட்டும் வேறொரு கவலையும் இருந்தது. சனிக்கிழமை அவர்கள் லண்டன் போக வேண்டும். ராயல் ஆல்பர்ட் ஹாலில் பித்தளை வாத்திய பேண்டுகளுக்கான தேசியப் போட்டி. கிரைம்தோர்ப் சுரங்கத்தின் பேண்ட் மேடையேறியாக வேண்டும்.

ஏறினார்கள். கோலைப் பிடித்து நடத்தியவர் ஃபிராங்க் ரென்டன். ராணுவ இசைக் கல்லூரியின் இயக்குநராக இருந்தவர். பின்னாளில் பல ஆண்டுகள் பிபிசி வானொலியில் பேண்ட் இசை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர். எல்லா பேண்டுகளும் வாசித்தாக வேண்டிய போட்டிப் பாடம் ஃபிலிப் வில்பி எழுதிய ‘நியூ ஜெருசலேம்’. முடிவு அறிவிக்கப்பட்டபோது முதல் பரிசு கிரைம்தோர்ப்புக்கு.

அனுதாப ஓட்டு விழுந்திருக்கும் என்று நினைப்பவர்கள் இந்தப் போட்டிகளின் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவர்கள் நாலு பக்கமும் மறைக்கப்பட்ட ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. வாசிக்கும் வரிசை அன்று காலையில்தான் குலுக்கல் முறையில் முடிவாகும். உள்ளே வருவது சத்தம் மட்டுமே. பேண்டின் பெயர், சீருடை, கண்டக்டரின் புகழ், செய்தித்தாளின் தலைப்பு எதுவும் உள்ளே போகாது. அன்றைக்கு நடுவர்கள் தேர்ந்தெடுத்தது எந்த ஊரின் பேண்ட் என்பது கூண்டிலிருந்து வெளியே வந்த பிறகே அவர்களுக்குத் தெரியும்.

இந்தியாவில் பேண்ட் என்றதும் நினைவுக்கு வருவது கல்யாண ஊர்வலம். ஜிகினா வைத்த சிவப்புக் கோட்டு, குதிரை மேல் மாப்பிள்ளை, முன்னால் சினிமாப் பாட்டு. அந்த பேண்டுகளும் பிரிட்டிஷ்காரர்களின் மிச்சம்தான். ராணுவ பேண்டுகள் வழியாக வந்தவை. மீரட்டின் ஜலி கோத்தி தெருவில் இன்றும் அந்த வாத்தியங்களைத் தட்டி உருவாக்குகிறார்கள். ஆனால் வட இங்கிலாந்தின் பேண்ட் வேறு சாதி. அதைப் பெற்றது பட்டாளம் அல்ல, ஆலையும் சுரங்கமும். அங்கே கூலிக்கு வாசிப்பவர்கள் இல்லை. பகலில் வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் உடம்பைக் கழுவிக்கொண்டு ஒத்திகைக்கு வருபவர்கள்.

கதை 1840களில் தொடங்குகிறது. பெல்ஜியத்தில் பிறந்து பாரிஸில் பட்டறை வைத்திருந்த அடால்ஃப் சாக்ஸ், மூன்று வால்வுகளை அழுத்தி எல்லா ஸ்வரங்களையும் ஊதக்கூடிய ஒரே குடும்பத்துக் கொம்புகளை வரிசையாக உருவாக்கினார். சிறியது கைக்கு அடக்கமாக, பெரியது மடி நிறைய. (சாக்ஸஃபோனும் அவருடைய பிள்ளைதான், ஆனால் அது இந்த பேண்டுகளில் சேர்த்தியில்லை.) டிஸ்டின் என்ற இசைக் குடும்பம் இவற்றை இங்கிலாந்து முழுக்க ஊதிக் காட்டி விற்றது. வயலினைப் போல விரல்களுக்கு நுட்பமான பயிற்சி தேவையில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைக்கும் மூன்று வால்வு அழுத்த வரும்.

முதலாளிகளுக்கும் இது பிடித்திருந்தது. குயின்ஸ்பரி ஊரில் பிளாக் டைக் மில்ஸ் என்ற கம்பளி ஆலையை நடத்திய ஜான் ஃபாஸ்டர், தானே கொம்பு ஊதத் தெரிந்தவர். 1855-ல் தொழிலாளர்களுக்கு வாத்தியம் வாங்கிக்கொடுத்து, ஆலையின் துணியிலேயே சீருடையும் தைத்துக்கொடுத்தார். தொழிலாளி சாராயக் கடைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் போகாமல் ஒத்திகைக்குப் போவான் என்ற கணக்கும் முதலாளிகளிடம் இருந்தது. மதுவிலக்கு இயக்கத்தாரும் பேண்டுகளை வளர்த்தார்கள். மான்செஸ்டரின் பெல் வூ தோட்டத்தில் 1853-ல் நடந்த முதல் பெரிய போட்டியில் வென்ற பேண்டின் பெயரிலேயே மதுவிலக்கு இருந்தது: மாஸ்லி டெம்பரன்ஸ் சாக்ஸ்ஹார்ன் பேண்ட். முதலாளிகளின் கணக்கு முழுசாகப் பலிக்கவில்லை. பேண்டுகள் ஒத்திகையும் செய்தன, சங்க ஊர்வலத்துக்கு முன்னாலும் நடந்தன. ஒத்திகை முடிந்ததும் நேராக மதுக்கடைக்கும் போயின.

காலப்போக்கில் வாத்தியங்களின் எண்ணிக்கை கெட்டிப்பட்டுவிட்டது. கார்னெட் பத்து, ஃப்ளூகல்ஹார்ன் ஒன்று, டெனர் ஹார்ன் மூன்று, பாரிடோன் இரண்டு, யூஃபோனியம் இரண்டு, டிராம்போன் மூன்று, பெரிய பாஸ் கொம்புகள் நான்கு. மொத்தம் 25 பேர், கூடவே மேளம். டிரம்பெட் கிடையாது. குழல் வகை எதுவும் கிடையாது. டிரம்பெட்டின் ஒலி கத்தி மாதிரி வெட்டும். கார்னெட்டின் குழாய் கூம்பாக விரிவதால் ஒலியில் ஓர் உருண்டை வந்துவிடுகிறது. 25 பேரும் சேர்ந்து மெதுவாக வாசிக்கும்போது தேவாலய ஆர்கனோ என்று தோன்றும். இந்த மென்மைதான் ஒரு நல்ல பேண்டின் அடையாளம். சத்தமாக ஊதுவது யாருக்கும் முடியும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஏறக்குறைய எல்லா வாத்தியங்களுக்கும் இசைக்குறிப்பு ஒரே முறையில், ஒரே விரலடைவில் எழுதப்பட்டிருக்கும். விதிவிலக்கு பாஸ் டிராம்போன் மட்டுமே. கார்னெட் வாசிப்பவர் நாளைக்கே பாரிடோனை எடுத்துக்கொள்ளலாம். சுரங்க ஊருக்கு இது ரொம்பவும் பொருத்தம். ஒருவர் அடிபட்டுப் படுத்துவிட்டால், ஷிப்டு மாறிவிட்டால், செத்துப்போனால், பக்கத்து நாற்காலிக்காரர் நகர்ந்து உட்கார முடியும்.

தமிழ் வாசகருக்குக் கண்டக்டர் என்றால் விசில் ஊதி டிக்கெட் கிழிப்பவர். பேண்டின் கண்டக்டர் ஊதுவதே இல்லை. மேடையில் சத்தம் எழுப்பாத ஒரே ஆள் அவர்தான். ஆனால் போட்டியில் எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் வாசிக்கிறார்கள் என்பதால், ஒரு பேண்டுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு அவருடையது. எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்த ஸ்வரத்தை ஒரு இழை தாமதிப்பது, இரண்டாம் கார்னெட்காரரை எவ்வளவு அடக்குவது என்று வாரக்கணக்கில் இழைக்கிறார்கள்.

இதில் இரண்டு வகை ஆட்கள். ஒருவர் உள்ளூர் பேண்ட் மாஸ்டர். வாராவாரம் ஒத்திகை நடத்துவார். பையன்களுக்குக் கொம்பு பிடிக்கக் கற்றுத்தருவார். யார் வீட்டில் என்ன தகராறு என்பது வரை அவருக்குத் தெரியும். மற்றவர் தொழில்முறை கண்டக்டர். போட்டி நெருங்கும்போது வெளியூரிலிருந்து வந்து பட்டை தீட்டுபவர், சன்மானம் வாங்கிக்கொள்பவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் கிளாட்னி, அலெக்சாண்டர் ஓவன், எட்வின் ஸ்விஃப்ட் என்ற மூவர்தான் வடக்கின் பெரும்பாலான பெரிய பேண்டுகளைத் தங்களுக்குள் பங்குபோட்டு வைத்திருந்தார்கள். கிளாட்னி மான்செஸ்டரின் ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவில் கிளாரினெட் வாசித்தவர். அவருடைய மெல்தம் மில்ஸ் பேண்ட் 1876, 77, 78 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பெல் வூவில் வென்றது. ஒரே போட்டியில் ஒரே ஆள் இரண்டு மூன்று பேண்டுகளுக்கு மாறி மாறிக் கோல் பிடிப்பதும் நடந்தது. வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீல் ஆஜரானது மாதிரி. யாருக்கும் அது ஆட்சேபகரமாகத் தோன்றவில்லை.

கோல் பிடிக்கும் கலையைப் பார்க்க ஆல்பர்ட் ஹாலைவிட நல்ல இடம் சாடில்வொர்த். மான்செஸ்டருக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் சின்னச் சின்ன ஊர்கள்: டெல்ஃப், டாப்கிராஸ், அப்பர்மில். கோடையின் தொடக்கத்தில் விட்சன் ஞாயிறுக்குப் பிறகு வரும் வெள்ளிக்கிழமை மாலை, நூற்றுக்கும் மேற்பட்ட பேண்டுகள் பஸ் பஸ்ஸாக இங்கே வந்து இறங்குகின்றன. தெருவில் ஒரு அணிவகுப்பு இசையை வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். பிறகு நின்ற இடத்தில் இன்னொன்று. நடுவர் ஒரு கேரவனுக்குள் திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் பஸ் ஏறி அடுத்த ஊர். 1884 முதல் இப்படி நடக்கிறது. நாட்டின் முதல்தரமான பேண்டுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேண்ட் வரிசையில் நிற்கும். மழை பெய்தால் குறிப்புத் தாள் கொம்பில் ஒட்டிக்கொள்ளும். இரவு பத்து மணிக்கு மேல் ஊதுபவர்களின் உதடு மரத்துப்போயிருக்கும். சிலருக்கு நடையும் லேசாகத் தள்ளாடும்.

மறுபடி கிரைம்தோர்ப்புக்கு. அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது 1894-ல். பேண்ட் பிறந்தது 1917-ல், முதல் உலகப் போரின் நடுவில். பக்கத்து ஊரான கட்வொர்த்தில் கலைந்துபோன ஒரு பேண்டின் ஆட்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். சுரங்க பேண்டுகளுக்குப் பல ஊர்களில் ஒரே ஏற்பாடுதான்: தொழிலாளர்களின் வாரக் கூலியிலிருந்து ஒரு சிறு தொகை பேண்டுக்கென்று பிடித்தம். வாத்தியமே தொடாதவரும் காசு கொடுத்தார். அதனால்தான் ‘எங்கள் பேண்ட்’ என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. நல்ல கார்னெட் வித்வான் எங்காவது இருப்பதாகத் தெரிந்தால், அவருக்குச் சுரங்கத்தில் வேலை போட்டுக்கொடுத்து இழுத்துக்கொள்வதும் இந்த உலகத்தில் சகஜம்.

1972-ல் இந்த பேண்டுடன் ஒரு வித்தியாசமான கண்டக்டர் சேர்ந்தார். எல்கர் ஹோவர்த். பேண்ட் மாஸ்டர் ஒருவரின் மகன். லண்டனின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் டிரம்பெட் வாசித்தவர். பின்னர் 1978-ல் லிகெட்டியின் ‘ல கிராண்ட் மகாப்ர்’ ஆபராவை முதன்முதலில் மேடையேற்றியபோது அதை நடத்தியவர். அணிவகுப்பு இசையும் பக்திப் பாடலும் சினிமா மெட்டும் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் பேண்ட் உலகம் தன் சாற்றிலேயே ஊறிக் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. நவீன இசையமைப்பாளர்களிடம் போய் இந்த பேண்டுக்கு எழுதச் சொல்லிக் கேட்டார். ஹாரிசன் பர்ட்விசில் 1973-ல் ‘கிரைம்தோர்ப் ஏரியா’ எழுதினார். பர்ட்விசிலும் லங்காஷயரில் உள்ளூர் பேண்டில் கிளாரினெட் வாசித்து வளர்ந்தவர். 1975-ல் ஜெர்மானியரான ஹான்ஸ் வெர்னர் ஹென்சே ஒரு படைப்பு தந்தார்.

பர்ட்விசிலின் இசையில் முணுமுணுக்க ஒரு மெட்டு கிடைக்காது. இருண்டு, மெதுவாக நகர்ந்து, திடீரென்று வெடித்து அடங்கும். பேண்ட் ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் 1974-ல் லண்டனின் ‘ப்ரோம்ஸ்’ இசை விழாவில் பித்தளை பேண்டுகள் முதன்முறையாக மேடையேறியபோது கிரைம்தோர்ப்பும் பிளாக் டைக்கும் அங்கே இருந்தன. கோல் ஹோவர்த்தின் கையில். யார்க்‌ஷயரின் ஒரு சுரங்க ஊரின் பெயர் ஐரோப்பிய நவீன இசையின் பட்டியலில் இடம்பிடித்தது இப்படித்தான். 1992 வெற்றியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இருபது ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள். துக்கம் மட்டும் யாருக்கும் பரிசு வாங்கித் தராது.

துக்கம் அந்த ஊருக்கு முன்னமே வந்துவிட்டது. 1984-ல் வேலைநிறுத்தம் தொடங்கியபோது பிரிட்டனில் 170-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இருந்தன. ஓராண்டு நீடித்த போராட்டத்தின்போது, அடுப்புக்காகக் குப்பை மேட்டில் கரி பொறுக்கியவர்களைப் போலீஸ் பிடித்ததையொட்டி கிரைம்தோர்ப் தெருக்களில் மோதல் வெடித்தது. 1985 மார்ச்சில் தோற்றுப்போய் வேலைக்குத் திரும்பியபோது, பல ஊர்களில் தொழிலாளர்கள் தனித்தனியாகப் போகவில்லை. கொடியைத் தூக்கிக்கொண்டு, பேண்ட் வாசிக்க, வரிசையாக நடந்து சுரங்க வாசலுக்குப் போனார்கள்.

சுரங்க பேண்டுகளுக்கு ஒரு பொதுப் பாடல் உண்டு. அதில் வார்த்தைகள் இல்லை. 1934 செப்டம்பரில் வேல்ஸின் கிரெஸ்ஃபோர்டு சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 266 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரின் உடலை வெளியே எடுக்கவே முடியவில்லை. சுரங்கத்தின் அந்தப் பகுதியை அப்படியே மூடிவிட்டார்கள். ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி அவர்களுக்காக ஒரு இசை எழுதினார். ‘கிரெஸ்ஃபோர்டு’ என்றே அதற்குப் பெயர். ஆண்டுதோறும் ஜூலையில் டர்ஹாம் நகரில் நடக்கும் சுரங்கத் தொழிலாளர் விழாவில் பேண்டுகள் அதை வாசிக்கும்போது கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு நிற்கும். ஆழ்சுரங்கங்களில் கடைசியாக எஞ்சியிருந்ததும் மூடப்பட்டு டர்ஹாமில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. விழா நிற்கவில்லை.

கிரைம்தோர்ப் சுரங்கம் 1993 மே மாதம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய யூனியனின் ஆய்வு ஒன்று அந்த ஊரை நாட்டிலேயே மிக ஏழ்மையான கிராமம் என்றது. பேண்டுக்கு இது வேறு மாதிரியான சிக்கல். கூலியில் பிடிப்பதற்குக் கூலி இல்லை. நிலக்கரித் தொழிலை வாங்கிய தனியார் கம்பெனி சில காலம் உதவியது. மற்றபடி கச்சேரி, ஒலிப்பதிவு, வெளிநாட்டுப் பயணம் என்று பேண்ட் தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்போது சினிமா வந்தது. மார்க் ஹெர்மன் இயக்கி 1996-ல் வெளியான ‘பிராஸ்டு ஆஃப்’, சுரங்கம் மூடப்படும் ‘கிரிம்லி’ என்ற கற்பனை ஊரின் பேண்டைப் பற்றியது. பெயரை மாற்றினால் யாருடைய கதை என்று தெரியாதா? படப்பிடிப்பும் கிரைம்தோர்ப்பிலேயே நடந்தது. திரையில் கேட்கும் இசையும் நிஜ பேண்டினுடையது. நுரையீரலில் கரித்தூள் அடைத்துச் செத்துக்கொண்டிருக்கும் கண்டக்டர் டானியாகப் பீட் போஸ்டில்த்வெய்ட் நடித்தார். ஆல்பர்ட் ஹாலில் கோப்பையை வென்ற பிறகு, அதை வாங்க மறுத்து டானி பேசும் காட்சிதான் உலகத்துக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்தியது. நிஜத்தில் நடந்தது அது அல்ல. நிஜ கண்டக்டர் நோயாளியும் அல்ல, சுரங்கத் தொழிலாளியும் அல்ல. வெளியிலிருந்து வந்த தேர்ந்த தொழில்காரர். ஆனால் டானியின் நோயைச் சினிமாக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. கரித்தூள் நோய் நிலக்கரி ஊர்களின் பழைய விருந்தாளி. மூச்சையே மூலதனமாகக் கொண்ட ஒரு கலையை, மூச்சைத் தின்னும் ஒரு தொழிலின் பக்கத்தில் வைத்து வளர்த்திருக்கிறார்கள்.

படம் பேண்டுக்குப் பெயரும் கச்சேரிகளும் தந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கிரைம்தோர்ப்பின் பேண்டும் பங்கேற்றது. 2015 டிசம்பரில் யார்க்‌ஷயரின் கெலிங்லி மூடப்பட்டதோடு பிரிட்டனின் ஆழ்சுரங்கத் தொழிலே முடிந்துவிட்டது. கிரைம்தோர்ப்பில் சுரங்கம் இருந்த வட்டாரத்தில் புதுச் சாலை வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆர்டர் செய்தால் துணிமணி அனுப்பும் கம்பெனியின் மாபெரும் கிடங்கு வந்திருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் அங்கே ஷிப்டு முறையில் வேலை செய்கிறார்கள். அந்தக் கிடங்குக்கு பேண்ட் இல்லை. எதிர்பார்ப்பதற்கும் இல்லை, இன்றைய ஷிப்டில் அடுத்த மாதம் யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பேண்ட் உருவாக, ஒரே ஊரில் ஒரே ஆட்கள் இருபது முப்பது ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்க்க வேண்டியிருந்தது.

கிரைம்தோர்ப் பேண்டில் இன்று வாசிப்பவர்கள் பல ஊர்களிலிருந்து காரோட்டிக்கொண்டு வருகிறார்கள். இசை ஆசிரியர்கள் உண்டு, அலுவலகம் போகிறவர்கள் உண்டு. நெடுங்காலம் ஆண்களின் கோட்டையாக இருந்த பேண்ட் உலகத்தில் இப்போது பெண்களும் நாற்காலி பிடித்திருக்கிறார்கள். தரம் குறையவில்லை. ஊரின் பையன் ஊரின் பேண்டுக்குள் வளர்ந்து வரும் அந்தப் பழைய பாதைதான் தூர்ந்துபோயிற்று. அதற்கு பேண்டைக் குறை சொல்வது நியாயமில்லை; சுரங்கம் இருந்த காலத்திலேயே நல்ல கார்னெட்காரரை வெளியூரிலிருந்து இழுத்துவந்தவர்கள்தானே.

பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. கிரைம்தோர்ப் கோலியரி பேண்ட். ஒரு டிராம்போன் நாற்காலி காலியானால் ஆள் தேடுகிறார்கள். புதிதாக வருபவரிடம் குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வருமா, வாரத்தில் இத்தனை சாயங்காலம் வர முடியுமா என்று கேட்பார்கள். கண்டக்டர் கோலை உயர்த்துவார். அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் நிலத்துக்கு அடியில் எத்தனை மணி நேரம் இருந்துவிட்டு ஒத்திகைக்கு வந்தார் என்பது குறிப்புத் தாளில் இருக்காது.